அமாவாசைக்கு நிலா வைத்தவன்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஊரார் சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிக்கொள்வது கௌரவம். பன்னிரண்டு வோல்ட் யாரையும் ஒன்றும் செய்யாது என்று நான் நம்பினேன். என் முட்டாள்தனம் மொத்தமும் இந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் அதற்கு இழுத்த ஒயர்.

நம்பியதோடு விட்டேனா? டீக்கடையில் சொன்னேன். மனைவியிடம் சொன்னேன். கொல்லையில் கட்டியிருந்த ஆட்டிடமும் ஒரு முறை சொல்லியிருக்கிறேன். ஈரக் கையால் பேட்டரியின் இரண்டு முனையையும் தொட்டுக் காட்டினேன். அதற்கும் யாரும் அசரவில்லை என்றதும், ஒயரின் நுனியை நாக்கில் வைத்துக் காட்டினேன்.

“நக்கிப் பாக்க அது இன்னா ஊறுகாயா?” என்றாள் மனைவி.

வெளிச்சம் கேட்டது அவள்தான். எங்கள் வீடு பழவேற்காடு ஏரியின் கரையில் இருக்கிறது. கொல்லை சரிந்து சரிந்து போய் நேராகத் தண்ணீரில் இறங்கிவிடும். கடைசியில் நாலைந்து படிகள், ஒல்லாந்தர் கோட்டையிலிருந்து எந்தக் காலத்திலோ யாரோ தலையில் தூக்கி வந்த செங்கல்லால் கட்டியவை. கழிப்பறை கொல்லையின் அந்தக் கோடியில், படிக்குச் சற்று மேலே. பொழுது சாய்ந்தால் அங்கே போய் வருவது பெரிய விஷயம். அந்த மழைக்காலத்தில் அவள் இரண்டு தடவை விரியனை மிதிக்கப் போய்த் தப்பினாள். இரண்டாம் தடவை உள்ளே வந்ததும், மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் பொன்னேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

“யோவ், பாம்பு கடிச்சி நான் செத்தா, இன்னொரு காப்பி எடுத்துக்கலாம்னு நெனைச்சிக்கினு கீறியா?”

வீட்டுக் கரண்டைக் கொல்லைக்கு இழுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. உப்பு ஊறிய ஈர மண். அடுத்த தெருவில் கம்பத்தை உரசிய மாடு நின்ற வாக்கில் விழுந்து செத்ததைப் பார்த்திருக்கிறேன். அப்போதுதான் பன்னிரண்டு வோல்ட் என்ற ஞானம் எனக்குள் புகுந்தது. ஷேர் ஆட்டோ ஒன்றில் இருந்து ஓய்வு பெற்ற பேட்டரி. கூரைமேல் ஒரு சின்ன சோலார் தகடு. ஆட்டோவுக்குப் போடுகிற சின்ன எல்.இ.டி. பல்புகள். பல்புக்கு மூடியாக ஊறுகாய் பாட்டில்கள். நட்டு வைக்கச் சவுக்குக் கொம்புகள். கொல்லை முழுக்கக் குழி தோண்டினேன்.

தோண்டிக்கொண்டிருந்தபோது என் அண்ணன் வந்தார். அடுத்த வீடுதான். என்னைவிட இரண்டு மடங்கு அகலம். பேச்சு என்னில் பாதிகூட இல்லை. ஒல்லாந்தர் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு ஒன்று நிற்கும். ஊரில் அதற்கும் எனக்கும்தான் ஒரே உடல்வாகு என்பார்கள். அண்ணன் குழிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இன்னாடா குழி, உனக்கா?”

“வெளக்குண்ணா. கொல்லை பூரா வெளக்கு.”

“தண்ணி பக்கம் வேணாம்.”

“பன்னெண்டு வோல்ட்டுண்ணா. யாரையும் ஒன்னும் பண்ணாது.”

அவர் ஏரியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது முறை சொல்கிற வழக்கம் அவரிடம் கிடையாது.

அவர் ஏன் சொன்னார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் ஏரியில் வலையைத் தூக்கிக்கொண்டு போய் நினைத்த இடத்தில் கட்டிவிட முடியாது. இடங்களுக்குச் சீட்டுப் போடுவார்கள். எந்த இடத்தில் எந்த இரவு யார் கழி ஊன்றி வலை கட்டுவது என்பது சீட்டில் விழும். அதற்குப் பெயர் பாடு. வலை கட்டுகிற குடும்பஸ்தனுக்குத்தான் பாடு உண்டு. நான் ஏரிக்கரையில் பிறந்து படகில் ஏறினால் வாந்தி எடுக்கிற அதிசயப் பிறவி. எனக்குப் பாடு கிடையாது. அண்ணனுக்கு உண்டு. அவருக்கு இருப்பது அது ஒன்றுதான். நிலம் கிடையாது, வேறு வேலை தெரியாது. அந்தப் பாட்டை ஊர் நிறுத்திவிட்டால் அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வெளிச்சம் காட்டி இறாலைத் திருப்புகிறவனுக்குப் பாடு இல்லை என்பது ஊர்க் கட்டுப்பாடு. அப்படிப் பாடு போன ஒருவரை எனக்குத் தெரியும். தோணிரேவுக் கரையில் அவர் படகு இன்றும் கவிழ்ந்து கிடக்கிறது. உள்ளே கோழி அடைகாக்கிறது. அவர் அந்தப் பக்கமாக நடப்பதே இல்லை.

இறால் இருட்டில்தான் ஓடும். நிலா இருந்தால் மண்ணில் பதுங்கிவிடும், அல்லது கரையோரம் ஒதுங்கிவிடும். அதனால் நல்ல பாடெல்லாம் அமாவாசையை ஒட்டிய இருட்டில்தான். இதுவும் எனக்குத் தெரியும். ஆனால் நிலா எங்கே, என் ஊறுகாய் பாட்டில் எங்கே?

விளக்குகளை முதன்முதலாகப் போட்ட அன்று, சமையலறை ஓரத்து விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. தள்ளிப் போகப் போக மங்கி, படிக்கட்டில் இருந்த கடைசி இரண்டும் காமாலைக் கண் மாதிரி தெரிந்தன. அந்த மங்கலோடு விட்டிருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது. நான் அனுப்பம்பட்டுக்குப் போய், மோட்டார் காயில் கட்டுகிற என் சிநேகிதனிடம் யோசனை கேட்டேன்.

“பொடி ஒயர்ல அவ்ளோ தூரம் இட்டாந்தா கரண்டு களைச்சிப் பூடும்பா. தடி ஒயரா போடு,” என்றான்.

தடி ஒயராகப் போட்டேன். கடைசி இரண்டும் மற்றதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி எரிந்தன. அவற்றின் வெளிச்சம் தண்ணீரில் விழுந்து ஆடியது. மனைவிக்கு வேண்டியிருந்தது கழிப்பறை வரைக்கும்தான். ஆனால் ஏரியில் என் விளக்கின் பிம்பத்தைப் பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாம்பு வாட்ச் கட்டிக்கொண்டு வருவதில்லை என்று காரணம் சொல்லி, பொழுது சாய்ந்ததிலிருந்து விடிகிறவரை எரியவிட்டேன்.

அமாவாசை இருட்டு தொடங்கியது. அந்தச் சுற்றில் எங்கள் கொல்லைக்கு நேர் எதிரே இருந்த இடத்தில் முதல் இரவுப் பாடு ஒரு மீசைக்காரருக்கு, அடுத்த இரவு அவருடைய பங்காளிக்கு, மூன்றாவது அண்ணனுக்கு. அந்த இடம் அண்ணனுக்குச் சீட்டில் விழுந்து வெகுநாளாகியிருந்தது.

முதல் நாள் விளக்கைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். கொல்லையிலிருந்து மனைவி கூப்பிட்டாள். குரல் வழக்கமான குரலாக இல்லை.

“யோவ், இங்க வா. தண்ணி நம்பளப் பாக்குது.”

படிக்குக் கீழே, வெளிச்சம் விழுந்த இடம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். கங்கு மாதிரி, ஜோடி ஜோடியாக, நூற்றுக்கணக்கில். நான் நகர்ந்தால் அவையும் கொஞ்சம் நகர்ந்தன. ஒன்றுகூட அணையவில்லை. இறால் கண்கள். ஓட வேண்டிய இறாலெல்லாம் ஓட மறந்து என் விளக்கடியில் கூடி நின்றன.

புத்தியுள்ளவன் அப்போதே விளக்கை அணைத்திருப்பான். நான் சமையலறைக்கு ஓடி அரிசி சல்லடையை எடுத்து வந்தேன்.

“வேணாம்யா. இன்னிக்கு யார் பாடோ,” என்றாள்.

“நான் வலையா கட்டுறேன்? சல்லடை.”

ஒரே முக்கில் ஒரு சல்லடை இறால். மிளகாய்த்தூள் போட்டு வறுத்தோம். காற்று கரையிலிருந்து ஏரிப்பக்கம் அடித்தது. வாசனை அப்படியே தண்ணீர்மேல் போனது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் படிக்கு வந்தபோதுதான் பார்த்தேன். விளக்கு வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்குகிற இடத்தில், விளக்கில்லாத படகு ஒன்று நின்றிருந்தது. அதில் மீசைக்காரர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. கூப்பிடவில்லை. எவ்வளவு நேரமாக அங்கே இருந்தார் என்றும் தெரியவில்லை.

நான் கையை ஆட்டினேன். அவர் ஆட்டவில்லை.

மறுநாள் காலை அவர் வலையில் பாசியும் நாலு நண்டும் இருந்தன என்று டீக்கடையில் கேள்விப்பட்டேன். நேரடியாக யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் போனதும் பேச்சு நின்றது. ஒருவர் மட்டும் கிளாஸுக்குள்ளே பார்த்தபடியே, “அமாவாசைக்கு நிலா வெச்சவரு வந்துட்டாரு, பெஞ்சில எடம் குடு,” என்றார். பெஞ்சில் முழு இடமும் காலியானது. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, வசதியாகக் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்தேன்.

அன்று இரவும் விளக்கு எரிந்தது. பங்காளி வலையிலும் பாசிதான்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம், விளக்கைப் போடுகிற நேரத்துக்கு, ஊர்ப் பெரியவர் எங்கள் கொல்லைக்கு வந்தார். பாட்டுக்குச் சீட்டுப் போடுவது, தகராறு தீர்ப்பது எல்லாம் அவர்தான். பின்னாலேயே மீசைக்காரரும் பங்காளியும் வந்தார்கள். மூன்று பேரும் என்னைக் கேட்காமல் ஒல்லாந்தர் செங்கல்மேல் உட்கார்ந்தார்கள். பெரியவர் ஊறுகாய் பாட்டில் ஒன்றை விரலால் தட்டிப் பார்த்தார்.

“ஜோரா கீது நைனா. நீயே பண்ணியா?”

“நானேதான் மாமா. பன்னெண்டு வோல்ட்டு.”

“எப்போ அணைப்பே?”

“விடிஞ்சாதான் மாமா.”

“டெய்லியா?”

“டெய்லி.”

“இன்னிக்கு?”

“இன்னிக்கும்தான்.”

“இன்னிக்கு உங்க அண்ணன் பாடு.”

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரைக்கும் எனக்கு உறைக்கவில்லை.  இரண்டு நாள் என் விளக்கு எரிந்து இரண்டு பேர் வயிற்றில் அடித்தாயிற்று. மூன்றாவது ஆள் என் கூடப் பிறந்தவர்.

“இப்பவே கழட்டிடறேன் மாமா! ஒரு நிமிஷம்!” என்று கொம்பைப் பிடுங்கப் பாய்ந்தேன்.

“கழட்டாதே,” என்றார் பெரியவர். குரல் உயரவே இல்லை. “ரெண்டு ஆளுக்கு எரிஞ்சிது. மூணாவது ஆளு உன் அண்ணன், அவனுக்கு மட்டும் அணைஞ்சா, அதுக்கு இன்னா அர்த்தம்?”

நான் கொம்பிலிருந்து கையை எடுத்தேன்.  

“இன்னிக்கும் எரியட்டும். விடியற வரைக்கும் எரிஞ்சா, நீ தெரியாமப் பண்ணேன்னு வெச்சிக்கறோம். நடுவுல அணைஞ்சா, அண்ணனும் தம்பியும் பேசி வெச்சிப் பண்ணதுன்னு ஆவும். அப்பறம் அவனுக்குப் பாடு இல்ல.”

“பல்பு தானா பீஸ் போனா மாமா?”

“போவக் கூடாதுன்னு வேண்டிக்கோ.”

மீசைக்காரர் முதன்முறையாக வாயைத் திறந்தார். “வறுவலு வாசனை நல்லா இருந்துச்சி,” என்றார். அவ்வளவுதான். எழுந்து போனார்கள்.

அண்ணன் அவர் வீட்டு வாசலில் வலையைப் படகுக்குத் தூக்க மடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஓலைத் தட்டிதான்.

“அண்ணா…”

“எரியுமா?”

“எரியும்ணா.”

“உன் வேலைன்றதாலதான்டா பயமா கீது.”

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

யோசித்துப் பாருங்கள். என் வாழ்க்கையில் நான் செய்த எந்தப் பொருளும் சொன்ன நேரத்துக்கு வேலை செய்ததில்லை. நான் ரிப்பேர் பார்த்த ரேடியோ அடித்தால்தான் பாடும். நான் மாட்டிய கதவு மழைக்குத் திறக்காது, வெயிலுக்குச் சாத்தாது. அப்படிப்பட்ட என் கைவேலை ஒன்று, அன்றைக்கு ஒரு ராத்திரி, கண் சிமிட்டாமல் எரிய வேண்டும். எரிந்தால் அண்ணன் வலை காலி. அணைந்தால் அண்ணன் பாடு காலி. எரிய வேண்டும் என்று வேண்டுவதா, அணைய வேண்டும் என்று வேண்டுவதா என்று தெரியாமல், பேட்டரிக்கு முன்னால் கைகட்டி நின்றேன்.

ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கொல்லையில் இறங்கினேன். எல்லா முடிச்சுக்கும் வேசலின் தடவி, ரப்பர் குழாய் மாட்டி, ஒழுங்காகத்தான் செய்திருந்தேன். கடைசி முடிச்சைத் தவிர. அது படிக்குக் கீழே, தண்ணீருக்குள் நட்ட கொம்பில் இருந்தது. அன்று எனக்கு இடுப்பு வலி. டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிட்டேன். உப்புத் தண்ணீர் அதற்குள் புகுந்து, செம்பெல்லாம் பச்சையாகப் பூத்திருந்தது. நான் குனிந்து பார்க்கும்போதே கடைசி இரண்டு விளக்கும் ஒரு தரம் துடித்தன.

இருட்டில், விளக்கைக் கண்காணிக்க நின்ற படகிலிருந்து யாரோ செருமினார்கள்.

செருப்போடு தண்ணீரில் இறங்கினேன். முழங்கால் வரைக்கும் வந்தது. டேப்பைப் பிய்த்து, ஒயரைச் சுரண்டி முறுக்கினேன். விரலை எடுத்தால் விளக்கு துடித்தது. மறுபடி முறுக்கினேன். செம்பு நைந்து உதிர்ந்தது. விரலால் அழுத்திப் பிடித்தால் நின்று எரிந்தது. சரி, பிடித்துக்கொண்டே நிற்போம், வேறு வழி யோசிக்கலாம் என்று நினைத்தேன். வேறு வழி எதுவும் வரவில்லை. மனைவி படிக்கு வந்து நின்றாள். வேறு ஒயர் கொண்டுவரச் சொல்லலாம். மாட்டுவதற்குக் கையை எடுக்க வேண்டுமே.

“வலிக்குதா?” என்றாள்.

“பன்னெண்டு வோல்ட்டு,” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் அது ஜோக்காகப் படவில்லை.

ஏரித் தண்ணீர் முகத்துவாரத்தைப் பார்த்து இழுக்கத் தொடங்கியது. தூரத்தில் அண்ணன் கழி ஊன்றுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவை வந்தன. ஒன்று, இரண்டு, பிறகு கும்பலாக. சிவப்புக் கண்கள் என் காலைச் சுற்றி வட்டம் கட்டின. மீசைகள் தோலைத் தொட்டுத் தொட்டுப் போயின. எல்லாம் அண்ணனுடைய இறால். வருஷம் பூராவும் அவர் காத்திருந்த இறால், அவர் வலைக்குப் போகாமல் என் முழங்காலை விசாரித்துக்கொண்டிருந்தது. உதைத்து விரட்டினேன். உதைத்த அசைவில் விளக்கு துடித்தது. அப்புறம் உதைக்கவில்லை. போங்கள், போங்கள் என்று வாயால் மட்டும் சொன்னேன். ஒன்றும் போகவில்லை. அசையாமல் நின்று, அண்ணன் வலை காலியாகப் போவதற்கு என் கையாலேயே வெளிச்சம் பிடித்தேன்.

விரல் மரத்தது. கையை மாற்றினேன். மாற்றும்போது ஒரு தரம் அணைந்து எரிந்தது. இருட்டில் துடுப்பு அசைந்தது, யாரோ பார்த்துவிட்டார்கள்.

கிழக்கு வெளுத்தபோது படகுகள் என் பக்கமாக வந்தன. முதலில் பெரியவருடையது. அதில் மீசைக்காரரும் இருந்தார். பின்னால் அண்ணன், ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்துக்கொண்டே. அவர் காலடியில் ஈர வலை குவிந்திருந்தது. அதற்குள் என்ன இருந்தது என்று கேட்க வேண்டியதில்லை. பாசி வழிந்து தொங்கியது.

“எரிஞ்சிதா?” என்றார் பெரியவர், பொதுவாக.

“எரிஞ்சிது. ஆனா நடுவுல கண்ணடிச்சிது,” என்றார் மீசைக்காரர். “நான் பாத்தேன்.”

 பெரியவர் படகை இன்னும் கிட்டத்தில் விடச் சொன்னார். தண்ணீரில் நின்ற என்னை மேலிருந்து கீழே பார்த்தார். வெளுத்துச் சுருங்கிய என் விரல்களைப் பார்த்தார். அவற்றுக்கு நடுவிலிருந்த ஒயரைப் பார்த்தார்.  குளிரில் என் பல் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டது.

“ராவு பூரா இப்படியேவா நின்னே?”

தலையை ஆட்டினேன்.

அவர் மீசைக்காரர் பக்கம் திரும்பினார். “வெளக்கு கண்ணடிக்கல. இவன் கை நடுங்கிச்சி.” பிறகு துடுப்பை எடுத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், “அவன் பாடு அவனுக்குத்தான். அடுத்த தபா சீட்டுல பேரு போடுங்க,” என்றார்.

மீசைக்காரர் என்னைப் பார்த்துத் தண்ணீரில் ஒரு தரம் துப்பினார். எதிர்த்துப் பேசவில்லை. அவர்கள் படகு கரையோரமாகப் போய் வளைவில் மறைந்தது.

அண்ணன் இறங்கிப் படகை இழுத்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. ராத்திரி பூரா தூங்காதவர். வலையை உதறாமல் அப்படியே போட்டுவிட்டு, என் பக்கத்தில் வந்து முழங்கால் தண்ணீரில் நின்றார். நான் இன்னும் ஒயரை விடவில்லை. விட வேண்டும் என்பதே தோன்றவில்லை. எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அந்த விளக்கு அடித்துக்கொண்டிருந்தது.

“அண்ணா,” என்றேன், “எம்மேல கோவமாண்ணா?”

“அணைச்சித் தொலை, கண்ணு கூசுது.”